சங்கற்பமும் சமர்ப்பணமும்

திங்கள் என்னும் சொல் வானத்து மதியையும், அம்மதி வளர்ந்து தேய்ந்து நிறைவுறும் காலவளவையும் ஒருங்கே குறிப்பது தமிழ் வழக்கு. நம் சமய வாழ்வும் இவ்வளவையைப் பற்றியே நடைபெறுகின்றது. இருபக்கத்துப் பதின்மூன்றாந் திதியிலும் பிரதோட வழிபாடும், தேய்பிறைப் பதினான்காந் திதியில் மாத சிவராத்திரியும், கார்த்திகை நாண்மீன் கூடும் நாளில் முருகவேள் வழிபாடும் திங்கள்தோறும் வந்து நம்மை அழைக்கின்றன. திருஞானசம்பந்தப் பெருமான் திருமயிலையில் அருளிய பூம்பாவைத் திருப்பதிகத்தில் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம் என விழாக்கள் முறையே எண்ணப்படுதலும் காண்க. ஆகவே, ஒரு திங்களை எல்லையாக வரையறுத்து அதற்குள் இன்னது செய்வேன் என்று உறுதி கொள்ளுதல் நமக்குப் புதியதொன்றன்று.

இக்காலத்து இளைஞர் பலர் மாதப் பிறப்பன்று குறிப்பேட்டிலோ கைப்பேசியிலோ தம் குறிக்கோள்களை எழுதிக்கொள்கின்றனர். இறைவழிபாட்டிற்கு இவை, குடும்பத்திற்கு இவை, மனைக்கு இவை எனத் தலைப்பிட்டு, நாள்தோறும் முடித்தவற்றிற்கு எதிரே குறியிட்டு, மாத முடிவில் கணக்குப் பார்க்கின்றனர். இப்பழக்கம் நன்றோ தீதோ என்பதும், சைவ சித்தாந்தத்திற்கு இஃது உடன்பாடாமாறு யாங்ஙனம் என்பதும் ஈண்டு ஆராயப்படும். இவ்வாராய்ச்சி ஏட்டளவில் தோன்றியதன்று. அடியேன் வாழ்வில் நேர்ந்த ஒரு பிழையினின்றும் தோன்றியது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

எல்லாம் திருவருளால் நடப்பனவாயின், உயிர் தானாக உறுதி கொள்ளுதல் எற்றுக்கு என வினவுவார் உளர். அவர்க்கு விடை கூறுதும். இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றும் உயிர்க்கு உண்டு. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டாயினும் ஞாயிற்றின் ஒளி கூடினாலன்றி அது காணமாட்டாது. அதுபோல உயிரின் ஆற்றலும் இறைவன் விளக்கினாலன்றி விளங்காது. ஒளி வேண்டும் என்பதனால் கண் வேண்டா என்று கூறுவார் யார்? மேலும் சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுதல் போல, உயிர் தான் எதனைச் சார்ந்ததோ அதன் தன்மையதாய் நிற்கும். ஆதலின் வைகறையில் எழுவேன், திருமுறை ஓதுவேன், வெகுளியை அடக்குவேன் என்று கொள்ளும் சிற்றுறுதி ஒவ்வொன்றும், இன்ன பொருளைச் சார்வேன் என உயிர் தன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் செயலேயாம். அதனை வேண்டாவென விலக்குதல் சோம்பலுக்குச் சித்தாந்தத்தைப் போர்வையாக்குதலாய் முடியும்.

அற்றேல், உறுதி கொள்ளுதலில் இடர் ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. அவ்விடர் எதுவென்பதை அடியேன் கற்றது ஓர் ஐப்பசித் திங்களில்.

சில ஆண்டுகட்கு முன்னர் என் மகள் ஒரு குறிப்பேட்டைக் கொணர்ந்து, “அப்பா, தாங்களும் எழுதிப் பாருங்கள்” என்று கொடுத்தாள். மூன்று தலைப்பும் இட்டு எழுதினேன். முதலாவது, அத்திங்கள் முழுதும் வைகறையில் நீராடிச் சிவபூசையும் திருமுறைப் பாராயணமும் ஒருநாளும் தவறாமல் முடித்தல். முடியும்வரை வாய் திறவாமை. இரண்டாவது, இரவில் பேரக்குழந்தைகளுடன் அமர்ந்து உண்ணுதல். மூன்றாவது, மழையில் ஒழுகிய கூடத்தின் ஓடுகளை மாற்றுவித்தல். மூன்றும் செவ்வனே நடந்தன. கட்டங்கள் நிரம்பிவருதலைக் காண உள்ளத்தில் ஓர் உவகை பிறந்தது. அவ்வுவகை இறைவனைப் பற்றியதன்று, என்னைப் பற்றியது என்பதை அன்று அறிந்திலேன்.

திங்களின் மூன்றாம் வாரத்தில் என் மனைக்கிழத்திக்குச் சுரம் கண்டது. அவள் அதனை எனக்கு உரைத்திலள். வழக்கம்போல் எனக்கு முன்னரே எழுந்து, மழையில் நனைந்து மலர் கொய்து, பூசைப் பாத்திரங்களை விளக்கி, நிவேதனம் சமைத்துவைத்தாள். மூன்று நாள் இங்ஙனம் கழிந்தது. நான்காம் நாள் அடுக்களையில் பாத்திரம் உருண்ட ஓசையும், அதனைத் தொடர்ந்து ஆள் விழுந்த ஓசையும் கேட்டன. பாராயணம் பாதியில் இருந்தது. வாய் திறவாமை என் நோன்பு. ஒரு கணம் செவி அங்கே சென்றது. அடுத்த கணம் அதனை இழுத்துப் பிடித்துப் பாராயணத்தை முடித்தே எழுந்தேன். அவள் சுவரைப் பற்றி அமர்ந்திருந்தாள்; உடல் அனலாய்க் கொதித்தது. மருத்துவர் வந்தார், சில நாளில் நலம் பெற்றாள். ஆயினும் அன்றிரவு வழக்கப்படி குறிப்பேட்டைத் திறந்தபோது, மூன்று தலைப்பின்கீழும் குறியிடுதற்கு யாதொரு தடையும் இல்லாதிருந்தது. பூசை தவறவில்லை, குழந்தைகளுடன் உண்டாயிற்று, ஓடுகள் மாற்றப்பட்டிருந்தன. கணக்கு நிறைந்திருந்தது. அறம் எங்கே இருந்தது?

பின்னொரு நாள், ஏன் எனக்கு உரைத்திலை என்று அவளை வினவினேன். “நோன்பு தங்களுடையது, அதற்கு எழுந்தவள் நான். சொன்னால் தங்கள் நோன்பு கலையுமே என்று இருந்துவிட்டேன்” என்றாள். அவள் குறை கூறினாள் அல்லள், உள்ளதை உரைத்தாள். அவ்வுரை அடியேன் கற்ற சாத்திரங்கட்கெல்லாம் உரையாக நின்றது.

செம்பிற் களிம்பு போல ஆணவமலம் உயிரோடு அனாதியே உடன் உள்ளது என்பது சித்தாந்தம். அது தீவினையைப் பற்றுக்கோடாகக் கொள்ளுதல் போலவே நல்வினையையும் கொள்ளும். பொருள் சேர்த்தேன் என்று செருக்கும் அதே ‘யான்’, பூசை தவறாது முடித்தேன் என்றும் செருக்கும். முன்னையதைப் பிறர் எளிதிற் காண்பர். பின்னையது திருநீறும் அக்கமணியும் பூண்டு நிற்றலின் தானும் தன்னை அறியாது. இதுவே உறுதி கொள்ளுதலில் உள்ள இடர்.

இதற்கு மருந்து நம் வழிபாட்டு முறையிலேயே உளது. பூசை தொடங்குவோன் ஆண்டு, அயனம், இருது, திங்கள், பக்கம், திதி, கிழமை, நாண்மீன் என்பனவற்றை முறையே கூறி, இன்ன பயன் கருதி இதனைச் செய்கின்றேன் எனச் சங்கற்பம் செய்கின்றான். ஆண்டு இவ்விடத்துக் கருத்துச் செலுத்துதல் வேண்டும்; பூசை அத்துடன் அமையவில்லை. முடிவில் செய்த பூசையையும் அதன் பயனையும் சிவபெருமானிடத்தே ஒப்புவிக்கின்றான். சங்கற்பத்தில் எடுத்த ‘யான்’ சமர்ப்பணத்தில் வைக்கப்படுகின்றது. நம் திங்கட் குறிக்கோள்களில் முன்னையது உண்டு; பின்னையது இல்லை. எடுத்துக்கொண்டோம்; இறக்கிவைத்தோம் அல்லேம். கணக்கை நாமே எழுதி, நாமே பார்த்து, நாமே மகிழ்ந்தோம். அல்லது நாமே வருந்தினோம்.

இல்லறத்தில் எழுந்த ஓர் உறுதி எங்ஙனம் நிற்றல் வேண்டும் என்பதற்குத் தில்லைக் குயவனாராகிய திருநீலகண்ட நாயனார் வரலாறு ஒப்பற்ற சான்று. பரத்தையிற் பிரிந்து மீண்ட கணவரை, இறைவன் திருநாமத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாது என்றார் மனைவியார். அவர் தம்மைப் பன்மையாற் குறித்தமையின், பெண்டிர் ஒருவரையும் மனத்தாலும் தீண்டேன் என உறுதி பூண்டார் நாயனார். ஒரு மனையில் இருவரும் வாழ்ந்து, பிற கடமைகளிற் குறையாது, அயலறியாமல் முதுமை எய்தினர். இளமையெல்லாம் காத்த அவ்வுறுதியை அவர் ஒருநாளும் பெருமையாக எடுத்துரைத்திலர். இறைவன் சிவயோகியாராய் வந்து, தாம் கொடுத்த ஓட்டை மறைத்து, மனைவி கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சூளுறுக என்று வற்புறுத்தியபோது, வேறு வழியின்றியே பழைய செய்தியை வெளியிட்டார். அப்போதும் அவர் உரைத்தது தம் நோன்பின் சிறப்பன்று. அதற்கு முதலாய் இருந்த தம் பிழையை. மூங்கிற்கோலின் இருதலையை இருவரும் பற்றி மூழ்கினர். இளமை பெற்று எழுந்தனர்.

இவ்வரலாற்றில் இறையன்பு, மனைவிக்குச் செய்யும் நீதி, மனை வாழ்க்கை என்னும் மூன்றும் மூன்று தலைப்புக்களாகப் பிரிந்து நிற்கவில்லை. இறைவன் திருநாமமே மனைவியின் ஆணை. அவ்வாணையைக் காத்தலே வழிபாடு. அது காக்கப்பட்ட இடமோ அவர்தம் மனை. அவ்வுறுதியின் சுமையை இருவரும் அறிந்தே சுமந்தனர். என் நோன்பிலோ ஒருவர் அறியாமல் மற்றவர் சுமந்தார். இளையான்குடி மாறனார் நள்ளிரவில் வந்த அடியவர்க்கு அமுது செய்விக்க முயன்றபோதும், விதைத்த நெல்லை வாரிவரலாம் என வழி கூறியவர் மனைவியாரே. விறகின்மையை அவர் உரைக்க, மனையின் கூரைக் கழிகளை அறுத்துக் கொடுத்தவர் நாயனார். அறத்தை இருவரும் கலந்து செய்தனர் என்பது அறிக.

இன்னும் ஒன்று. சரியை முதலிய நான்கு நெறிகளுள் முதல் மூன்றற்கும் அருணந்தி சிவாசாரியர் சித்தியாரில் கூறும் பெயர்களை நோக்குக: தாதமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம். ஆண்டானுக்கு அடிமை, தந்தைக்கு மகன், தோழனுக்குத் தோழன் என்னும் உறவுகள் அவை. இறைவனை அணுகும் நெறிக்குப் பெயர் வேண்டியபோது மனையிலும் சுற்றத்திலும் உள்ள உறவுகளே கொள்ளப்பட்டன. அவ்வுறவுகளை வீட்டில் பயிலாதவன் கோயிலில் எங்ஙனம் பயில்வான்?

ஆகவே திங்கள்தோறும் உறுதி கொள்ள விழையும் அன்பர்கட்குப் பட்டறிந்தோன் என்னும் முறையில் சில கூறுவேன். உறுதிகள் சிலவாகவும் சிறியனவாகவும் இருத்தல் நன்று. ஒவ்வொன்றையும் மேற்கொள்ளுமுன், இதன் சுமை யார் தோளில் விழும் என்று வினவுக. விழும் தோளுக்குரியாரை உசாவியே தொடங்குக. துன்புறும் உயிர் அழைக்கும்போது நோன்பை நிறுத்தி எழுதலைக் குறைவென எண்ணற்க. உறுதி தவறிய நாளில், தவற்றை ஏட்டில் எழுதுவதற்கு முன் அதனால் வருந்தியவரிடத்துச் சென்று உரைக்க.

மாத முடிவில் கணக்குப் பார்த்தல் வேண்டா என்று கூறேன். பார்த்தபின் அதனை ஒப்புவிக்க என்பேன். நிறைந்ததனால் செருக்கும் குறைந்ததனால் சோர்வும் இன்றி இரண்டையும் ஒப்ப நோக்கி அவன் திருவடியில் வைத்தல், இருவினையொப்பு என்று நம் நூல்கள் கூறும் பெருநிலைக்குச் சிறியதொரு பயிற்சியாம். நன்றும் தீதும் ஒன்றென்பது அதன் பொருளன்று. இரண்டின் பயனிலும் ‘எனது’ என்பது அறுதல் வேண்டும் என்பதே பொருள்.

அடியேன் இன்றும் குறிப்பேடு வைத்திருக்கின்றேன். தலைப்பு மூன்றில்லை, கட்டங்களும் இல்லை. மாதப் பிறப்பின் முன்னாள் இரவில் என் மனைக்கிழத்தியும் நானும் அமர்ந்து, வரும் திங்களுக்கு இருவர்க்கும் இயைந்த ஒன்றிரண்டை எழுதுகின்றோம். திங்கள் முடிவில் அவ்வேட்டைப் பூசையறையில் வைத்து வணங்கி, மீண்டும் புரட்டிப் பாராமல் அடுத்த பக்கத்தைத் திறக்கின்றோம். வைகறையில் மலர் கொய்தல் இப்போது என் பணி.

திருச்சிற்றம்பலம்.