ஒரு விசை அழுத்தும்வரை

காசுக்கேற்ற தோசை என்பதை நாம் ஓட்டலில் மட்டும் சொல்வதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே மூத்தவர் ஒருவர் நம்மைத் தனியாகக் கூப்பிட்டு, அதையே வேறு சொற்களில் சொல்லித் தருவார். கொடுக்கிற சம்பளத்துக்கு இது போதும், இதற்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யாதே, உன்னைக் காட்டி எங்களையும் கேட்பார்கள் என்பார். அக்கறையில்தான் சொல்கிறார். எனக்கும் சொன்னார்கள். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் டிம் ஃபாலின் பதின்பருவத்தில் செய்த இசையைக் கேட்கும்போதெல்லாம் அந்த அறிவுரையோடு எனக்குள் வாக்குவாதம் தொடங்கிவிடுகிறது.

ஃபாலின் 1970இல் இங்கிலாந்தில் பிறந்தவர். அண்ணன் மைக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். அந்த வழியாகத் தம்பியும் உள்ளே வந்தார். 1985இல் ‘சப்டெரேனியன் ஸ்ட்ரைக்கர்’ என்ற விளையாட்டுக்கு இசை போட்டபோது அவருக்குப் பள்ளிக்கூடத்துப் பையனின் வயது. பெரிய இசைப் படிப்பு ஏதும் இல்லை. கையில் இருந்த வாத்தியம், வாத்தியம் என்றே யாரும் ஒப்புக்கொள்ளாத ஒன்று: இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 1982இல் சின்க்ளேர் நிறுவனம் வெளியிட்ட வீட்டுக் கம்ப்யூட்டர். ரப்பர் விசைகள், 48 கிலோபைட் நினைவகம். வீட்டு டிவியில் இணைத்து, டேப்ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டு விளையாட்டை ஏற்றவேண்டும்.

அதன் ஒலி அமைப்பைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பையன் செய்ததன் அளவு புரியாது. பெட்டிக்குள் சின்னதாக ஒரு ஒலிபெருக்கி. அதற்கு இரண்டே நிலை: உள்ளே, அல்லது வெளியே. மெதுவாக, பலமாக என்ற பேச்சே கிடையாது. ஒருமுறை தள்ளினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விநாடிக்கு 440 முறை அதை வெளியே தள்ளி உள்ளே இழுத்தால், மேற்கத்திய வாத்தியக்காரர்கள் சுருதி சேர்க்கும் ‘ஏ’ சுரம் கேட்கும். தள்ளுவதும் இழுப்பதும் யார்? கம்ப்யூட்டரின் ஒரே மூளையான இசட்80 சில்லு. அது விநாடிக்கு 35 லட்சம் முறை துடிக்கும். ஆக, அந்த ஒரு சுரத்துக்குச் சுற்று ஒன்றுக்கு ஏறக்குறைய 8,000 துடிப்புகளை எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். எண்ணிக்கை எங்காவது பிசகினால் சுருதி விலகிவிடும்.

இது ஒற்றைச் சுரத்தின் கதை. இரண்டு, மூன்று குரல்கள் ஒன்றாகக் கேட்கவேண்டும் என்றால்? ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியாக எண்ணிக்கை வைத்துக்கொண்டு, அந்தந்த எண்ணிக்கை முடியும் கணத்தில் மட்டும் ஒலிபெருக்கியை மிகக் குறுகிய நேரத்துக்குத் தட்டவேண்டும். தட்டுகள் ஒன்றின் இடைவெளியில் இன்னொன்றாக விழும். காது அவற்றைத் தானே பிரித்து, இது பேஸ், இது மெட்டு என்று எடுத்துக்கொள்ளும். தட்டின் அகலத்தை மாற்றினால் குரலின் நிறமும் மாறும். இந்த வழியில் வேறு சிலரும் அப்போது முயன்றார்கள். ஆனால் 1986இல் வந்த ‘ஏஜென்ட் எக்ஸ்’ விளையாட்டிலும் 1987இல் வந்த ‘க்ரோனோஸ்’ விளையாட்டிலும் ஃபாலின் அதைக் கொண்டுபோன தூரம் வேறு.

‘க்ரோனோஸ்’ இசையை இன்றும் கேட்க முடிகிறது. முதலில் காதில் விழுவது கரகரப்பு. ரம்பம் அறுப்பது போன்ற ஒரு முரட்டு ஓசை. கொஞ்சம் பொறுத்தால் அதற்குள் அடுக்குகள் தெரியத் தொடங்கும். அடியில் பேஸ் நடக்கிறது, நடுவில் சுரங்கள் வேகமாக உருள்கின்றன, மேலே மெட்டு வளைந்து வளைந்து ஏறுகிறது, இடையில் டிரம் வந்து வெட்டுகிறது. ஒரு பகுதி முடிந்தது என்று நினைக்கும்போது புதிதாக ஒன்று திறக்கிறது. ஒரு முழு ராக் குழுவையே மனத்தில் வைத்துக்கொண்டு ஒருவன் எழுதியிருக்கிறான்.

இதை எங்கே வைத்தார் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம். சில்லு துடிப்புகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது அதற்கு வேறு வேலை செய்ய நேரமில்லை. எனவே விளையாட்டு ஓடும்போது இப்படிப்பட்ட இசை ஓட முடியாது. தலைப்புத் திரையில் மட்டும்தான் அதற்கு இடம். கேசட் ஏறும்வரை நிமிடக்கணக்கில் காத்திருந்த ஒரு சிறுவன், எப்போது விளையாடலாம் என்று விசைமேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் அழுத்திய கணத்தில் இசை செத்துவிடும். அத்தனை உழைப்பும், யாரும் தங்கிக் கேட்கப்போவதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில். அதுவும் மலிவு விலைச் சரக்கில். இந்த இரண்டு விளையாட்டுகளையும் வெளியிட்ட மாஸ்டர்ட்ரானிக், 1.99 பவுண்டு கேசட்டுகளால் பேர் வாங்கிய நிறுவனம்.

இசை போட்ட அந்தப் பையன் ஏன் அப்படிச் செய்தான்? சின்ன வயது, விலை தெரியாத வயது, அதனால் அள்ளிக் கொடுத்துவிட்டான் என்றுதான் நான் முதலில் எண்ணினேன். அனுபவம் வந்தால் கை தானாகவே சுருங்கியிருக்கும் என்றும். பிறகு வந்த வேலைகளைக் கேட்டபோது அந்த விளக்கம் நிற்கவில்லை. மான்செஸ்டரில் சாஃப்ட்வேர் கிரியேஷன்ஸ் நிறுவனத்தில் அவர் வருடக்கணக்கில் தொழில் செய்தார். எந்த விளையாட்டு தேறும், எது தேறாது என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? 1990இல் நின்டென்டோவுக்கு வந்த ‘சில்வர் சர்ஃபர்’, எதன்மேல் உரசினாலும் உயிர் போய்விடும் விளையாட்டு. ஆடியவர்கள் எரிச்சலோடு பேசுவார்கள், அதன் இசையைப் பற்றி மட்டும் மரியாதையோடு பேசுவார்கள். சகோதரர் ஜெஃபோடு சேர்ந்து ஃபாலின் போட்ட இசை அது. நின்டென்டோவின் ஒலிச் சில்லில் ஒரே நேரத்தில் மெட்டுக்குக் கிடைப்பது மூன்றே குரல்கள். சுரங்களைக் கண்மூடித் திறப்பதற்குள் மாற்றி மாற்றி அடித்து, இல்லாத ஸ்வரக்கூட்டை இருப்பதாகக் கேட்க வைத்தார்கள். விலை தெரிந்தபிறகும் கை சுருங்கவில்லை.

நான் ஒரு சிறிய அச்சகத்தில் டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கடை திறப்பு விழாவுக்கு பிட் நோட்டீஸ். பிட் நோட்டீஸை வாங்குகிறவர் அடுத்த மின்கம்பத்தைத் தாண்டுவதற்குள் கீழே போட்டுவிடுவார். கல்யாணப் பத்திரிகையில் நாளையும் மண்டபத்தையும் பார்த்துவிட்டு அலமாரி மேல் வைத்துவிடுவார்கள். அதிலும் இன்ஷியல் ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலும் போய் விழுந்தால் எனக்குப் பொறுக்காது. ‘மாலை’ மேலேயும் ‘6.30 மணிக்கு’ கீழேயுமாக உடைந்தால், ஒவ்வொரு வரியாக எழுத்து இடைவெளியைக் குறைத்து அதை ஒன்றுசேர்க்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். இதற்குத் தனியாக யாரும் பணம் தருவதில்லை. ‘சில்வர் சர்ஃபர்’ கேட்டபோது எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல், இது அப்பாவித்தனம் அல்ல என்பதுதான். வேலை எவ்வளவு கேட்கிறது என்பது ஒரு கணக்கு, முதலாளி எவ்வளவு கொடுக்கிறார் என்பது வேறு கணக்கு. ஒன்றை வைத்து இன்னொன்றை எழுதும்போதுதான் இரண்டும் கெடுகின்றன.

இப்படிச் சொல்வதில் ஒரு ஆபத்து உண்டு, அதை நான் நன்றாக அறிவேன். ‘இவனுக்குத்தான் வேலையே சந்தோஷமாயிற்றே’ என்று சொல்லிக் கூலியைப் பிடிக்கிறவர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். இசைத் தொழிலில் இன்னும் அதிகம். உன் பெயர் வெளியே தெரியும் என்று சொல்லியே இளைஞர்களிடம் சும்மா வேலை வாங்குகிறார்கள். மூத்தவரின் அறிவுரை இந்த அநியாயத்தைப் பார்த்துப் பார்த்துப் பிறந்ததுதான். ஆனால் அது தண்டனையை வேலைக்குக் கொடுக்கச் சொல்கிறது. இடைவெளி சரியில்லாத பத்திரிகையால் முதலாளிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சுருதி விலகிய இசையால் 1.99 பவுண்டு கேசட்டின் விற்பனை குறையப்போவதுமில்லை. கெட்டுப்போவது செய்கிறவரின் காதும் கண்ணும் மட்டும்தான்.

முழுதாகக் கொடுத்தவர் அங்கேயே கிடந்தாக வேண்டும் என்பதும் இல்லை. 2000களின் நடுவில் ஃபாலின் விளையாட்டு இசையைவிட்டு விலகினார். 2015இல் ‘கான்ட்ரடிக்ஷன்’ என்று, நடிகர்களை வைத்துப் படம்பிடித்த ஒரு துப்பறியும் விளையாட்டைத் தானே எழுதி இயக்கி வெளியிட்டார்.

எங்கள் அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் அன்றைக்குக் கேட்டான்: “அக்கா, மண்டபத்துப் பேர மட்டும்தானே பாப்பாங்க, எதுக்கு இவ்வளவு நேரம்?” முதலில் ஓனரிடம் போய் உன் சம்பளத்தை ஏற்றித் தரச் சொல், நானும் கூட வருகிறேன் என்றேன். போய்க் கேட்டோம். அடுத்த மாதத்திலிருந்து பார்க்கலாம் என்றார். திரும்பி வந்து இரண்டு பேருமாக அந்த 6.30ஐ மேல் வரியில் சேர்த்தோம்.