பன்னிரண்டு அங்குலம்

டெக்ஸாஸில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவர், தன் அப்பா விட்டுப்போன 1970 மாடல் செவர்லே சி-10 பிக்கப்பை ஒரு சனிக்கிழமை வெட்டினார். கேபினையும் பின்பெட்டியையும் முன்பே கழற்றியாயிற்று. வெறும் சேசிஸ் ஸ்டாண்டுகள் மேல் நின்றது. டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டிருந்தார்.

1967 முதல் 1972 வரை வந்த இந்த வண்டிகளில் நீளம், குட்டை என்று இரண்டு வகை. 8 அடிப் பெட்டி உள்ளதில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 127 அங்குலம். ஆறரை அடிப் பெட்டிக்கு 115. நீளமானது உழைக்கிற வண்டி. 8க்கு 4 பிளைவுட் பலகை அதில் படுத்துக்கொண்டு போகும். ஆனால் இன்றைக்குக் கிராக்கி குட்டைக்குத்தான். அதனால் நீள வண்டியைக் குட்டையாக்குகிறார்கள். கேபினுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 12 அங்குலம் போகும், வால்பக்கம் இன்னும் கொஞ்சம். நேராக வெட்டினால் பாரம் முழுக்க ஒரே கோட்டில் இறங்கும் என்று படி மாதிரி வெட்டி, உள்ளே தகடு கொடுத்துப் பற்றவைப்பார்கள். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள் எல்லாவற்றையும் கூடவே குறுக்க வேண்டும்.

கிரைண்டரைக் கையில் எடுத்தவர் சற்று நேரம் சும்மா நின்றார். "அப்பா இருந்தா என்னை அடிச்சிருப்பார்" என்றார். பிறகு வெட்டினார்.

தேரில் வந்த மிலிந்த மன்னனிடம் நாகசேனர் கேட்டது ஞாபகம் வந்தது. அச்சா தேர்? சக்கரமா? நுகமா? எதுவும் இல்லை, எல்லாம் சேர்ந்திருப்பதற்கு நாம் வைத்த பெயர்தான் தேர். அந்தக் கணக்கில் 12 அங்குலம் போனதால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. 'அப்பாவின் வண்டி' என்பதும் நாம் வைத்த பெயர்தானே. வெட்டாமல் கொட்டகையில் போட்டு வைப்பதை விசுவாசம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் துருவுக்கு விசுவாசமெல்லாம் தெரியாது.

இதுவரை எனக்குச் சம்மதம். சிக்கல் அடுத்த வாரம், பற்றவைத்த பிறகு வந்தது.

"இந்தத் தையலை மழமழன்னு தேய்ச்சு பெயின்ட் அடிச்சிட்டா, கம்பெனியிலேயே குட்டையா வந்ததுன்னுதான் நினைப்பாங்க" என்றார். நிஜம்தான். அந்த வருடங்களின் வண்டி எண்ணைப் பார்த்துப் பெட்டியின் நீளத்தைச் சொல்ல முடியாது. கிளவ் பாக்ஸ் கதவுக்கு உள்ளே ஒட்டிய தாளில் அது இருக்கும். இவர் வண்டியில் அந்தத் தாள் எப்போதோ உதிர்ந்துவிட்டது. சாட்சி என்று மிச்சமிருப்பது அந்தத் தையல் ஒன்றுதான்.

மனிதன் தன் தழும்பை மறைத்துக்கொள்ளலாம். கல்யாணச் சந்தையை விட்டால் அவனை யாரும் விலைக்குக் கேட்கப்போவதில்லை. வண்டி விலைக்குப் போகிற பொருள். பெயர் வெறும் பெயர்தான் என்றாலும், அதை நம்பி நாளைக்கு ஒருத்தன் காசைக் கொடுப்பான். பின்னால் டிரெய்லரை மாட்டுவான். பக்கத்தில் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போவான். எந்த இடத்தில் ஒட்டு இருக்கிறது, எதைக் கவனிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா? வெட்டியது குற்றமில்லை. வெட்டவே இல்லை என்று இரும்பைச் சொல்லவைப்பதுதான் குற்றம்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி, தையல் தெரியறமாதிரியே விட்டுடறேன். நீங்க வாங்குவீங்களா?"

"வாங்குவேன்."

"அதே விலைக்கா?"

வாய் வரவில்லை. குறைத்துத்தான் கேட்பேன். வேலை சுத்தமாக இருந்தாலும் குறைத்துத்தான் கேட்பேன். உண்மையைச் சொல் என்று அடுத்தவனைக் கேட்கிறோம். சொன்னதும் அவனுக்கே அபராதம் போடுகிறோம். அவன் தேய்த்து மறைக்கிறான் என்றால், கிரைண்டரில் நம் கையும் கொஞ்சம் இருக்கிறது.

அவர் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் கழித்துப் போனேன். சேசிஸ் முழுக்கக் கறுப்புப் பெயின்ட். குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். பெயின்டுக்கு அடியில் தையல் படிபடியாகத் தடித்துக் கிடந்தது.