தொலைவும் கடமையும்

இரு நகரங்களுக்கு இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்று வினவினால், மாணவர் கிலோமீட்டரில் விடை கூறுவர். பயணம் செய்பவரோ மணிக்கணக்கில் கூறுவார். கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். விமானம் அதனைச் சுமார் 4 மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. இவ்விரு விடைகளும் சரியானவையே. ஆயினும், மூன்றாவது விடை ஒன்றும் உண்டு. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் முன்னோர் இக்கடலைக் கப்பலில் கடந்தனர். 1926-இல் கடலோடத் தொடங்கிய 'ரஜூலா', சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் மக்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் முதலிய துறைகளுக்கு வந்து சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அக்காலத்தில்தான், தாயார் காலமானார் என்ற தந்தி தோட்டத்திலிருந்த என் தந்தையாருக்குக் கிடைத்தது. அவர் ஆற்றங்கரையில் மேற்கு நோக்கி நின்று நீர்க்கடன் ஆற்றினார். அவரை எவரும் குறை கூறவில்லை. கடலே அவர் பொருட்டுச் சாட்சி சொல்லிற்று.

என் நிலை வேறு. சென்னையில் நோயுற்றிருந்த என் சிற்றப்பா, "ஒரு முறை வந்து முகம் காட்டிவிட்டுப் போ, தம்பி" என்று தொலைபேசியில் கேட்டார். பள்ளி விடுமுறை வரட்டும் என்றேன். ஒரு விடுமுறை வந்து சென்றது. அடுத்ததற்கு முன்பே அவர் மறைந்தார். செய்தி கேட்ட மறுநாளே நான் அங்கிருந்தேன். 4 மணி நேரத்தில் சென்றேன். ஆனால் 4 மாதம் தாமதித்துச் சென்றேன்.

இயலாத ஒன்று கடமையாகாது என்பது அறநெறியாளர் பலர்க்கும் உடன்பாடு. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட்டின் சிந்தனையிலும் இக்கருத்து உண்டு. அவ்வாறாயின், இயலும் எல்லை விரியும்போது கடமையின் எல்லையும் விரிய வேண்டுமன்றோ? கிழக்கு வங்காள மக்களின் துயரை முன்னிறுத்தி 1972-இல் வெளியிட்ட கட்டுரையில், தொலைவு மட்டுமே நம் கடமையைக் குறைத்துவிடாது என்று பீட்டர் சிங்கர் வாதிட்டார். அறிவியல் நமக்கு விரைவை மட்டும் தரவில்லை. நம்மிடமிருந்த சாக்குகளையும் பறித்துக்கொண்டது.

எல்லாராலும் விமானம் ஏற இயலுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. அன்றாடக் கூலிக்கு உழைப்பவனுக்குப் பயணக் கட்டணமே ஒரு கடல். அவனைக் குறை கூறுதல் அறமாகாது. கட்டணமும் விடுப்பும் கைவரப்பெற்ற என்னைப் போன்றோர்க்கே இவ்வினா உரியது. எப்பொழுது வேண்டுமாயினும் போகலாம் என்னும் எளிமையே போகாமைக்குக் காரணமாகிவிடுகிறது. ஒரு வாரப் பயணத்துக்கு நாள் குறித்தவர்கள் புறப்பட்டார்கள். 4 மணிப் பயணத்துக்கு நாம் நாளே குறிப்பதில்லை.

மலேசிய நேரம் இந்திய நேரத்தினும் இரண்டரை மணி முந்தியது. ஆதலால், செல்லும்போது 4 மணிப் பயணம் கடிகாரத்தில் ஒன்றரை மணியாகவும், திரும்பும்போது ஆறரை மணியாகவும் தோன்றும். அது கணக்கின் மாயம். முதியவர் ஒருவர் வாயிற்படியை நோக்கிக் காத்திருந்த காலம் மாயமன்று.

மூன்றாவது விடை இதுவே: செல்ல இயன்றும் செல்லாது கழிக்கும் நாள்களே மெய்யான தொலைவு. மாணவர்காள், அதனை அளக்கும் கருவி விமான நிலையத்தில் இல்லை. நம் நெஞ்சில்தான் உள்ளது.