ஓடியவளிடம் ஒரு கேள்வி

இப்லீஸ் விரட்டப்படுவதற்கு முன் அவனிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. ஸுஜூது செய்ய விடாமல் அவனைத் தடுத்தது எது என்ற கேள்வி. பதில் தெரியாமல் அல்லாஹ் கேட்கவில்லை. ஆதமும் ஹவ்வாவும் கூட அழைத்துக் கேட்கப்பட்ட பின்னரே தோட்டத்திலிருந்து இறக்கப்பட்டார்கள்.

இங்கிலாந்தில் 1723இல் ரிச்சர்ட் பென்ட்லி என்ற அறிஞரின் வழக்கு விசாரிக்கப்பட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக் கேட்காமலே அவருடைய பட்டங்களைப் பறித்திருந்தது. நீதிபதி ஃபோர்ட்டெஸ்கியூ, இறைவனே ஆதமை விசாரித்த பிறகுதான் தண்டித்தான் என்று எடுத்துக்காட்டினார். பட்டங்கள் திரும்பக் கிடைத்தன. அவர் பைபிளை நினைத்துச் சொன்னார். நமக்கு அல்அஃராஃப் அத்தியாயம் ஒன்றே போதும்.

எல்லாம் அறிந்தவன் ஏன் கேட்க வேண்டும்? விசாரணை உண்மையைக் கண்டுபிடிப்பதற்கு மட்டுமே என்றால் இக்கேள்விகளுக்கு இடமில்லை. தண்டனை பெறுபவரும் பதில் சொல்லத் தகுந்தவர் என்ற மதிப்பு அந்தக் கேட்டலில் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பாடசாலை விளையாட்டு மைதானத்துக்குப் போவோம்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் மாணவி 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 800 மீற்றர் ஓடி வெல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வயது மோசடி என்று ஒரு முறைப்பாடு வருகிறது. பாடசாலைப் பதிவேட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் சற்றே வேறு பெயர். அவள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. அதிகாரியைக் கேட்டால், கடதாசி பேசுகிறதே, பிள்ளையிடம் கேட்க என்ன இருக்கிறது என்பார்.

கேட்க நிறையவே இருக்கிறது. மலையகத்தில் பிறப்புச் சான்றிதழ் பிள்ளையின் கையை அடையுமுன் எத்தனை கைகளைக் கடக்கிறது! பிறப்பை அறிவிப்பதில் தோட்டத் துரையின் அலுவலகத்துக்கும் பங்குண்டு. தமிழ்ப் பெயர் சிங்களத்தில் எழுதப்படும்போது ஓர் எழுத்து நழுவும்; தகப்பன் பெயர் பிள்ளையின் பெயராகிவிடும்; காலங்கடந்த பதிவும் உண்டு. (முஹம்மத் என்ற பெயரை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று நம் வீட்டு அடையாள அட்டைகளைப் பார்த்தாலே தெரியும்.) 1948இன் 18ஆம் இலக்கச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து, 2003 வரை அதை முழுமையாகப் பெறக் காத்திருந்த ஒரு சமூகத்தில் கடதாசியின் குறையைப் பிள்ளையின் குற்றமாக எழுதிவிடுவது சுலபம். அதை விளக்கக்கூடியவர்கள் அவளும் அவள் தாயும்தான். நபி தாவூத் (அலை) அவர்களிடம் வந்த இரு வழக்காளிகளின் கதையை இங்கே நினைக்கலாம். தொண்ணூற்றொன்பது ஆடுகள் உடையவனின் பேச்சைக் கேட்காமலே தீர்ப்புச் சொன்னதுதான் அவர்களுக்கு வந்த சோதனை என்பது விரிவுரையாளர் சிலரின் கருத்து. இத்தனைக்கும் முறையிட்டவன் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றிய வழக்கு அது.

அமெரிக்காவில் இந்த விவாதம் நீண்டது. ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் 1971இல் விசாரணையின்றி இடைநிறுத்தப்பட்ட மாணவர்களின் வழக்கில், 1975இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பளித்தது. பத்து நாள்வரையான இடைநிறுத்தமானாலும் குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும், மாணவனின் பதிலைக் கேட்க வேண்டும். ஆனால் பல நீதிமன்றங்கள் இதை மைதானம்வரை நீட்டவில்லை. கல்வி உரிமை, விளையாட்டு வெறும் சலுகை என்றன. அதே ஒஹாயோவில் 2019 ஒக்டோபரில் ஹிஜாபுடன் நெடுந்தூர ஓட்டம் ஓடிய 16 வயது மாணவி, ஓடி முடித்த பிறகே தான் தகுதிநீக்கம் செய்யப்பட்டதை அறிந்தாள். முன் அனுமதி பெறவில்லை என்பது காரணம். அவளது பயிற்சியாளருக்கு ஓட்டத்துக்கு முன்பே அது தெரிந்திருந்தது. 2022இல் அம்மாநிலம் அந்த அனுமதி விதியைச் சட்டத்தால் நீக்கியது. நம்மவர்கள் அதைத் தலைத்துணியின் வெற்றியாக மட்டும் பேசினார்கள். அவளுக்கு நேர்ந்ததில் எனக்கு அதிகம் உறுத்துவது, அவளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான்.

சலுகை என்ற வாதம் லயத்தில் செல்லாது. விளையாட்டு முதலிய துறைகளில் அசாதாரணத் திறமை காட்டியோருக்குப் பல்கலைக்கழக அனுமதியில் 0.5 வீதம்வரை தனி இடம் உண்டு. படையிலும் பொலிஸிலும் ஓடத் தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள். கொழுந்து மலையிலிருந்து வெளியேற இருக்கும் சில வாசல்களில் அதுவும் ஒன்று. அதைவிட, பட்டியலில் பெயர் இல்லாமற் போவது வேறு. மோசடிக்காரி என்று பெயர் எடுப்பது வேறு. பதக்கத்தைச் சலுகை என்று சொல்லலாம். மானத்தை யார் சலுகையாகக் கொடுத்தார்கள்?

நம் நாட்டுச் சட்டம் மௌனமாக இல்லை. புஹுல்வெல்ல மத்திய கல்லூரியில் ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில் 2021 பெப்ரவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்த்தது. ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் செலுத்த வேண்டும் என்றது. பாடசாலை மதிலுக்குள்ளும் அரசியலமைப்பு நுழையும் என்பதற்கு இது சாட்சி. 12ஆவது உறுப்புரையின் சமத்துவம் மைதானத்துக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆனால் 126ஆவது உறுப்புரையின்படி மனு ஒரு மாதத்துக்குள் கொழும்பில் தாக்கல் செய்யப்பட வேண்டும். அதே 2021இல்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவானது. சட்டத்தரணியின் கட்டணத்தை விடுங்கள், கொழும்புக்குப் போய்வர இழக்கும் நாட்களையே எண்ணிப் பாருங்கள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆவது பிரிவு சொல்கிறது. இதையாவது தோட்டப் பாடசாலைகளின் அறிவித்தல் பலகையில் தமிழில் எழுதி வைக்கலாம்.

ஓட்டப்பந்தயம் நீதிமன்றத்துக்காகக் காத்திருக்காது என்பது நியாயமான மறுப்பு. நடுவரின் விசிலுக்கு முன் விசாரணை வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. கோட்டுக்கு வெளியே கால் வைத்தவள் வெளியே போகத்தான் வேண்டும். வயது, நடத்தை, பாடசாலை மாற்றம் போன்றவை அப்படியல்ல. அவை மேசையில் முடிவாகின்றவை. மேசையில் அரை மணி நேரம் இருக்கும். குற்றச்சாட்டை அவளுக்குத் தமிழில் சொல்லி, தாய் தகப்பனை வரச்சொல்லி, முறைப்பாடு செய்த பாடசாலையோடு தொடர்பில்லாத ஒருவர் கேட்டு, முடிவை எழுத்தில் கொடுக்க அந்த நேரம் போதும். நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகங்கள் 1999இலேயே இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. ஆகவே தமிழில் கேட்பது புதிய கோரிக்கையும் அல்ல.

கடினமானது வேறொன்று. அந்த மேசையில் அவளுக்காக எழுந்து பேச வேண்டியவர் அவளுடைய விளையாட்டு ஆசிரியர். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பது அவருடைய இடமாற்றத்தைத் தீர்மானிக்கும் அலுவலகம்.