அண்ணன், தம்பி, அரிச்சுவடி

எழுத்துக்கு ஒரு குழந்தையாக எடுத்து, படத்தோடு சாகடித்துச் சிரிக்கவைக்கும் அரிச்சுவடிகள் மேற்கில் ஒரு தனி இலக்கிய வகை. அமெரிக்க ஓவியர் எட்வர்ட் கோரியின் ‘கேஷ்லிக்ரம் டைனீஸ்’ (1963) அவற்றில் பேர்போனது: 26 எழுத்து, 26 குழந்தை, 26 சாவு. ஜேர்மன் வைத்தியர் ஹொஃப்மன் 1845இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரூவெல்பீட்டர்’ அரிச்சுவடி அல்ல, ஆனால் மூத்த உறவு. அதில் விரல் சூப்பும் பையனின் பெருவிரல்களைத் தையற்காரன் வெட்டிவிடுகிறான். அங்கே தண்டனைக்கு ஒரு குற்றமாவது உண்டு. கோரியின் பிள்ளைகள் செய்த பிழை ஒன்றுமில்லை. அவர்களுடைய எழுத்தின் முறை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

உடன்பிறப்புச் சண்டை இந்த வகைக்குள் வரும்போது கேள்வி சமயத்தின் பக்கம் திரும்புகிறது: தம்பி பிறந்ததைப் பொறுக்காத பிள்ளை குற்றவாளியா? கி.பி. 400ஐ ஒட்டி ‘அறிக்கைகள்’ எழுதிய கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகுஸ்தீனார், பேச்சு வராத ஒரு கைக்குழந்தை தன்னோடு பால் குடிக்கும் மற்றக் குழந்தையை முகம் வெளிறிப் பார்த்ததைச் சொல்லி, குழந்தையும் பாவத்துக்கு வெளியே இல்லை என்கிறார். சைவ சித்தாந்தம் அதே பார்வையை ஆணவ மலம் என்னும். நெல்லோடு உமிபோல அது உயிரோடு அநாதியாக இருப்பது. யாரும் செய்த குற்றம் அல்ல. முன்னதில் அழுகைக்கு இடம் அதிகம், பின்னதில் சிரிப்புக்கு.

இலங்கையின் வன்னியிலும் அரிச்சுவடி சமயத்தோடுதான் தொடங்குகிறது: விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவித்து ஏடு தொடக்குவார்கள். முதல் வணக்கம் பிள்ளையாருக்கு. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கும் முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில்தான் முதலில் பொங்குவார்கள். மாம்பழத்துக்காகத் தம்பியோடு போட்டியிட்டு, உலகைச் சுற்றாமல் பெற்றோரைச் சுற்றி வென்ற அண்ணன் அவர். தோற்றவர் கோபித்து மலையேறினார். அவருக்கும் கோயில் எழும்பியது. பொறாமைப்பட்ட தம்பியைத் தண்டிக்காத கதை இது. குறுக்குவழியில் வென்ற அண்ணனையும் அது தண்டிக்கவில்லை.

ஔவையாரின் ஆத்திசூடி அவ்வளவு தாராளம் இல்லை. உயிரெழுத்துகளில் கடைசியான ஔகாரத்தில் பொறாமைப் பேச்சை ஒரேயடியாக விலக்குகிறது. ஆனால் பிறகு படிக்கும் மூதுரையில் கறுப்பு நகைச்சுவை எட்டிப்பார்க்கும். உடன்பிறந்தவர் எல்லாம் சுற்றம் என்று நம்பவேண்டாம், உடம்போடு பிறந்த நோயே கொல்கிறது. எங்கோ மலையில் பிறந்த மருந்துதான் காக்கிறது என்கிறது அது. சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் துணிச்சல்காரர்கள்தான்.

கோரியின் பகிடி இந்த மண்ணில் வேறுவிதமாக விழும். வினையின்றிச் சாவில்லை என்பது கன்மக் கொள்கை; எழுத்தின் வரிசையைத் தவிர வேறு காரணமே இல்லை என்பதுதான் அவருடைய வேடிக்கை. 2009இல் முள்ளிவாய்க்கால் போரில் பிள்ளைகளை இழந்த தாய்மாருக்கு அந்த வேடிக்கையும் உதவாது. பிராரத்தம், அதாவது முன்வினையின் பயன், என்ற விடையை அவர்களிடம் சொல்வதற்கும் தயக்கம் வேண்டும், ஏனெனில் அது இறந்த குழந்தையின் கணக்கில் ஒரு குற்றத்தை எழுதிவைக்கிறது. பிள்ளைகளின் சண்டையைச் சிரித்துச் சொல்லச் சித்தாந்தம் இடங்கொடுக்கிறது; அவர்களுடைய சாவைப் பற்றி அதே தொனியில் பேச அதனாலும் முடிவதில்லை.