ஊசிக்கு முன்பு

நாவலூரில் மெட்ரோ தூண்கள் எழும்பிக்கொண்டிருக்கும் சாலையில் தெற்கே போனால் படூர், கேளம்பாக்கம் என்று கல்லூரிகள் வரிசையாக வருகின்றன. நர்சிங், பிசியோதெரபி, பார்மசி, லேப் டெக்னாலஜி படிக்கும் பிள்ளைகள் காலையில் வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு பேருந்துக்கு நிற்பார்கள். இவர்களின் கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கும், யூத் ரெட் கிராஸ் இருக்கும், செஞ்சுருள் சங்கம் இருக்கும். ரத்த தான முகாம் என்று அறிவித்தால் அரங்கம் நிரம்பிவிடும். கொடுக்க மனம் உள்ள பிள்ளைகள் இவர்கள். அந்த மனத்தை எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்வி என்னை விடாமல் இருக்கிறது.

*

மேசைமேல் சிறிய கண்ணாடிக் குவளை. அதில் நீலக் கரைசல். மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்து, அதன் ஒப்படர்த்தி 1.053 இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளியை அதில் விடுகிறார்கள். ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் துளி 15 நொடிக்குள் அடிக்குப் போய்விடும். குறைந்திருந்தால் நடுவழியில் நின்று, மெல்ல மேலேறும். மின்கருவிகள் வந்த பிறகும் பல முகாம்களில் இந்த நீலக் குவளை இருக்கிறது.

நர்சிங் மாணவி ஒருத்தியின் துளி மேலே வந்தது.

“இந்தத் தடவை வேண்டாம்மா. ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு.”

“நல்லாத்தானே இருக்கேன் அக்கா? இன்னொரு வாட்டி பாருங்களேன்.”

பார்த்தார்கள். மறுபடியும் மேலேதான் வந்தது. பின்னால் வரிசையில் நின்ற தோழிகளை ஏறிட்டுப் பார்க்காமல் அவள் வெளியே போனாள்.

அவள் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ரத்த சோகை. மாதவிடாய், விடுதிச் சாப்பாடு, காலை ட்யூட்டிக்கு ஓடும் அவசரத்தில் விட்டுப்போகும் சிற்றுண்டி, சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ எல்லாம் சேர்ந்துதான் அந்தத் துளியை மேலே அனுப்புகின்றன. அவளைத் திருப்பி அனுப்பியதோடு நிறுத்தாமல், இரும்புச்சத்து மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது, முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ ஏன் சேர வேண்டும், எத்தனை மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால், அந்த முகாமில் அவளும் ஒன்று பெற்றிருப்பாள்.

*

படுக்கையில் சாய்ந்திருக்கும் மாணவனின் கையில் பஞ்சுப் பந்து. முழங்கை மடிப்பில் 16ஆம் எண் ஊசி. ஊசிகளில் எண் குறையக் குறையத் தடிமன் கூடும் என்று வகுப்பில் படித்திருப்பான். இன்றுதான் அந்தத் தடிமன் அவன் தோலுக்குத் தெரிகிறது. பக்கத்தில் சிறு தட்டு ஒன்று பையை இடமும் வலமும் ஆட்டியபடி இருக்கிறது. உள்ளே இருக்கும் உறையாமைக் கரைசலோடு ரத்தம் ஒழுங்காகக் கலக்க அந்த ஆட்டம் வேண்டும். 55 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் 450 மில்லி எடுக்கலாம். 45 கிலோ இருந்தால் 350. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது.

நாளை இவன் ஆயிரம் பேர் கையில் நரம்பு தேடப்போகிறவன். “ஒண்ணும் வலிக்காது” என்று சொல்லப்போகிறவன். ஊசி வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது எப்படி இருக்கிறது, கை நடுங்காத ஒருவர் கிடைத்தால் எவ்வளவு நிம்மதி என்பதைப் படுத்துப் பார்த்தவன் மறக்கமாட்டான். மருத்துவம் சார்ந்த படிப்பில் இருப்பவர்கள் ரத்தம் கொடுக்கும்போது நோயாளிக்கு ஒரு பை கிடைப்பதோடு, நோயாளியின் பக்கத்தை அறிந்த ஒரு செவிலியரும் உருவாகிறார்.

*

இன்னொரு காட்சியும் கண்ணில் நிற்கிறது. ஊசிக்கு முன்பு நிரப்ப வேண்டிய படிவம். ஒருவன் முதுகின்மேல் காகிதத்தை வைத்து இன்னொருவன் நிரப்புகிறான். மஞ்சள் காமாலை வந்ததா, அண்மையில் பல் பிடுங்கினீர்களா, பச்சை குத்திக்கொண்டீர்களா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், உடலுறவு வழியாகத் தொற்று வர வாய்ப்பு உண்டா என்று கேள்விகள் வரிசையாக இருக்கின்றன. அவனோ “இல்லை” கட்டங்களில் மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் டிக் போட்டுவிட்டுப் போகிறான்.

எடுத்த ஒவ்வொரு பையையும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கிறார்கள். ஆனால் எந்தச் சோதனைக்கும் கண் தெரியாத சில நாட்கள் உண்டு. கிருமி உடலுக்குள் வந்துவிட்டிருக்கும். கருவிக்கு இன்னும் அகப்படாது. அந்த நாட்களை மூட ரத்த வங்கியிடம் இருப்பது கொடுப்பவரின் வாய்ச்சொல் ஒன்றுதான். அந்தச் சொல்லையும் முதுகின்மேல் வைத்து நிரப்பிவிட்டால், பையை வாங்கும் நோயாளிக்கு வேறு காவல் இல்லை.

*

ஒரு காலத்தில் இந்த நாட்டில் ரத்தம் விலைக்கு விற்றது. வயிற்றுப்பாட்டுக்காக வரிசையில் நின்றவர்கள் காமாலை வந்ததை மறைத்தார்கள். போன வாரம் கொடுத்ததையும் மறைத்தார்கள். உண்மை சொன்னால் அன்றைய சோறு போய்விடும். 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் விலைக்கு ரத்தம் கொடுப்பது நின்றது. காசு கைமாறும் இடத்தில் உண்மைக்கு இடமில்லை என்பதை அனுபவத்தில் கண்ட பிறகு எடுத்த முடிவு அது.

இன்று கல்லூரியில் காசு இல்லை. ஆனால் வகுப்புவாரியாகப் பெயர்ப் பட்டியல் வந்தால், போன ஆண்டைவிட நூறு யூனிட் கூட வேண்டும் என்று ஆசிரியருக்கு இலக்கு வந்தால், கொடுத்தவனுக்கு வருகைப் பதிவு உண்டு என்றால், நண்பர்கள் முன் பயந்தவன் என்று பெயர் வாங்கக் கூடாது என்றால், அவையும் ஒருவிதக் கூலிதான். “எனக்கு முடியாது” என்று காரணம் சொல்லாமல் எழுந்து போகும் உரிமை இல்லாதவன், “எனக்கு ஒன்றும் இல்லை” என்று எழுதுவதை எப்படி நம்புவது?

*

2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அதைக் கொடுத்தவர் இளைஞர். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில் தன் நிலை தெரிந்தவுடன், தான் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்ற வேண்டாம் என்று அவரே சொல்ல வந்தார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் ரத்தம் கொடுத்தபோது தொற்று தெரிந்திருந்தும் அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. சில நாட்களில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்தத் தாயின் துயரத்துக்கு முன் எந்தச் சொல்லும் நிற்காது. அதே நேரம் அந்த இளைஞர் செய்ததையும் நினைத்துப் பார்க்கிறேன். பேசாமல் இருந்திருக்கலாம். தேடிவந்து சொன்னார். அவர் சொன்னதைத் தாங்கிக்கொள்ள ஊருக்குத் தெரியவில்லை. கொடுப்பவர் வங்கியிடம் உண்மை சொல்ல வேண்டும் என்பது எவ்வளவு முக்கியமோ, வங்கி கொடுப்பவரைத் தேடிப்பிடித்து, தனியே உட்காரவைத்து, அவமானப்படுத்தாமல் முடிவைச் சொல்வதும் அவ்வளவு முக்கியம். உண்மை இருபக்கமும் போய்வர வேண்டிய பொருள்.

*

ரத்தம் காத்திருக்காது. தட்டணுக்களுக்கு ஆயுள் ஐந்து நாள். முழு ரத்தம் 35 நாள். பிரித்தெடுத்த சிவப்பணுக்கள் 42 நாள். தலசீமியா குழந்தைக்கு இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் வேண்டும். ஜிஎஸ்டி சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் விபத்து நாள் பார்த்து நடப்பதில்லை. பிரசவத்தில் மிஞ்சிப்போகும் உதிரப்போக்கும் அப்படித்தான். ஆனால் ஏப்ரலும் மே மாதமும் வந்தால் கல்லூரிகள் தேர்வு, விடுமுறை என்று அடங்கிவிடும். வங்கிகளின் அலமாரியும் காலியாகும்.

அதனால் ஒரே நாளில் முந்நூறு பை எடுத்துப் புகைப்படம் பிடிக்கும் முகாமைவிட, மாதந்தோறும் இருபது பேர் அமைதியாகப் போய்வரும் கல்லூரிதான் உயிர் காக்கிறது. ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை கொடுக்கலாம். பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறை. வற்புறுத்தி வரவழைத்தவன் அடுத்த 90ஆம் நாள் தானாக வரமாட்டான். தன் விருப்பத்தில் வந்தவன் படிப்பு முடிந்து வேறு ஊர் போனாலும் அங்கே ரத்த வங்கி எங்கே என்று விசாரிப்பான்.

*

முகாம் நடத்தும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள்கள் எளியவை. படிவத்தை அரங்கத்தில் நிரப்ப விடாதீர்கள். தனி அறையில், ஒருவர் கேட்க ஒருவர் சொல்லட்டும். பெயர்ப் பட்டியல் வேண்டாம். திரும்பிப் போகிறவருக்கும் அதே ஜூஸ், அதே பிஸ்கட், அதே நன்றி கிடைக்கட்டும். ரத்தம் குறைந்த பெண்ணுக்கு மருத்துவரிடம் போகச் சீட்டு எழுதிக் கொடுங்கள்.

பிள்ளைகளிடம் சொல்வது ஒன்றுதான். கொடுக்க முடிந்தால் கொடுங்கள், நாள் கணக்கு வைத்து மறுபடியும் கொடுங்கள். முடியாது என்றால் தலைநிமிர்ந்து முடியாது என்று சொல்லுங்கள். பெயர் தெரியாத ஒரு நோயாளியை அந்தச் சொல்லும் காக்கிறது. நாளை நீங்கள் வார்டில் நின்று எழுதப்போகும் ஒவ்வொரு குறிப்பிலும் ஓர் உயிர் உங்கள் உண்மையை நம்பியிருக்கும். அந்தப் பழக்கத்தை இந்தப் படிவத்திலேயே தொடங்கலாம்.