இரண்டு நாழிகையும் எஞ்சிய பொழுதும்

இல்லறத்தில் இருப்போர்க்கு ஆன்ம சிந்தனை கைகூடுமா என்னும் ஐயம் நம்மில் பலருக்கு உண்டு. அடுப்பும் அலுவலும் நோயாளியின் படுக்கையும் ஓயாது அழைக்கையில் மனத்தை உள்முகமாகத் திருப்புவது எங்ஙனம்?

இதனை உணர்ந்தே நம் ஆசாரியர்கள் இல்லறத்தார்க்குரிய 12 விரதங்களுள் சாமாயிகத்தையும் வைத்தனர். அதற்குக் குறைந்த அளவு 2 நாழிகை, அதாவது 48 நிமிடம் என்பது மரபு. அப்பொழுதில் அலையும் மனத்திற்கு ஒரு பற்றுக்கோடு வேண்டும். சுபசந்திர ஆசாரியர் அருளிய ஞானார்ணவம் கற்பனையையே அதற்குக் கருவியாக்குகிறது. பாற்கடல்; அதன் நடுவே ஆயிரம் இதழ்த் தாமரை; மேருவை ஒத்த அதன் பொகுட்டின்மேல் அரியணையில் அமைதியுற்று அமர்ந்திருக்கும் நாம். பின்னர் வினைகள் தீயில் எரிவதாகவும், சாம்பலைக் காற்று அகற்றுவதாகவும், எஞ்சியதை மழை கழுவுவதாகவும் பாவித்தல் வேண்டும். இதுவே பிண்டஸ்த தியானம்.

இவ்வாறு அமர்ந்திருக்கையில், அடுத்த அறையில் நோயுற்றுக் கிடக்கும் மாமியார் தண்ணீர் கேட்டால் என் செய்வது? எழுந்தால் தியானம் கலையும். எழாவிடின் ஓருயிர் தாகத்தால் வருந்தும்.

விடை தத்துவார்த்த சூத்திரத்திலேயே உள்ளது. அகிம்சை அணுவிரதத்திற்கு அது கூறும் 5 அதிசாரங்களுள் உணவையும் நீரையும் தடுத்தலும் ஒன்று. உழைக்கும் விலங்கிற்கே பொருந்தும் அவ்விதி, நம்மையே நம்பிப் படுத்திருக்கும் முதியவர்க்குப் பொருந்தாதோ? அணுவிரதம் அடித்தளம்; சாமாயிகம் அதன்மேல் எழும் மாடம். அடித்தளத்தைப் பெயர்த்து மாடம் எழுப்புதல் ஆகாது. எழுந்து நீர் கொடுத்துவிட்டு மீண்டும் அமர்வதே அறம்.

ஆயின் கடமையைச் சாக்காகக் கொள்வதும் தகாது. தொலைக்காட்சித் தொடருக்குக் கிடைக்கும் நேரம் சாமாயிகத்திற்கு மட்டும் கிடைக்கவில்லை என்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

தியானமும் பணியும் பகையல்ல என்பதற்கு நம் குமரி மாவட்டத்துச் சிதறால் மலையே சான்று. அங்குப் பாறையில் அமைந்த தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழ், அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. திருநறுங்கொண்டை மேலைப்பள்ளி வீரநந்தி அடிகள் அவர்களுள் ஒருவர். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் குரத்தியார் ஒருவர் அம்மலையிலுள்ள தேவிக்குப் பொன்னணி அளித்ததையும் அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. உள்நோக்கி அமர்ந்த துறவியரே வழிபாட்டுப் பணியையும் தம் பொறுப்பாகக் கொண்டனர்.

பாவனையின் பயன் கண்மூடியிருக்கும்போது தெரிவதில்லை; கண்திறந்தபின் நாம் பேசும் முதற்சொல்லில் தெரியும். அச்சொல்லில் சினம் தணிந்திருப்பின் அந்த 2 நாழிகை வீணாகவில்லை என அறிவோம்.

வாழ்க திருவறம்!